சுற்றாத டேங்க்

கம்ப்யூட்டர் திரையில் பைக்கின் பெட்ரோல் டேங்க் திக்கித் திணறிச் சுற்றியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த டிசைன் ஆபீஸை நடத்தும் எத்திராஜ் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

“இன்னாம்மா வரைஞ்சி வெச்சிகீற? பார்ட்டி நாலு மணிக்கு வர்றான். இது இன்னா, மாட்டு வண்டி கணக்கா சுத்துது?”

“வேகமா சுத்தட்டும்னு வளைவையெல்லாம் மூணு தடவை லேசாக்கிட்டேன் சார். இன்னும் குறைச்சா டேங்க் பட்டை பட்டையாத் தெரியும்,” என்றாள் ஹேமாவதி.

“எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? இது சுத்தலன்னா நாளைலேர்ந்து வராத!”

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஒரு நகல் எடுத்தாள். அதில் டேங்கின் பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். திரையே காலியான பிறகும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. துழாவியதில், யாரோ மறைத்துப் பூட்டி வைத்திருந்த ஒன்று அகப்பட்டது. திறந்து பார்த்தவளுக்கு ரத்தம் கொதித்தது. அசல் ஃபைலிலும் அதைத் தேடிப் பிடித்து அழித்தாள். டேங்க் பம்பரமாகச் சுற்றியது.

பார்ட்டி வந்தார், பார்த்தார், ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“உன்னை நம்பியிருந்தா இன்னிக்கி மானம் போயிருக்கும்,” என்றார் எத்திராஜ். “எவன் கண்ணும் படக்கூடாதுன்னு, டேங்க் உள்ள ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் நானே செஞ்சி மறைச்சி வெச்சேன். பழத்தோல்ல ஒரு புள்ளி உடாம வரைஞ்சிகீறேன். அதான் காப்பாத்திச்சி!”

ஹேமாவதி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“அதை மத்தியானமே அழிச்சிட்டேன் சார். அப்புறம்தான் சுத்துச்சு.”