சிவப்பு ஒட்டாத ஒரே படம்

"மாஸ்டர், என்னோடதைத் தவிர எல்லாமே வித்துப்போச்சு."

மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னா நாகஜோதி. டிராயிங் மாஸ்டர் செங்கோட்டையன் அப்பத்தான் வண்டியை ஓரங்கட்டிட்டு உள்ள வந்தாரு.

"பதறாத கண்ணு. மொதல்ல மூச்சு விடு."

அவிநாசிக்குப் பக்கத்துல, அப்புசாமி ஐயாவோட கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்துல போட்ட பங்களாத் தோட்டம் அது. வருஷம் பூரா பூட்டியே கிடக்கும். இந்த ரெண்டு நாள் மட்டும் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, இருபத்தெட்டுப் படத்தைத் தொங்கவிட்டு, ஐயாவும் மாஸ்டரும் சேர்ந்து நடத்துற ஓவியக் கண்காட்சி. வித்த படத்துல சின்னதா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிரணும்னு மாஸ்டர் சொல்லியிருந்தாரு. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுல கூட ஸ்டிக்கர் இல்லை. இன்னைக்குக் காலையில பார்த்தா இருபத்தேழுல ஒட்டியிருக்கு.

ஜோதி மறுபடி ஒருக்கா எண்ணிப் பார்த்தா. அப்பா ராக்கையா கறாராச் சொல்லியிருந்தாரு: "ரெண்டு நாளுதான் உனக்கு. ஒரே ஒரு ஆளு உன் படத்தைக் கேட்டு வாங்குனாக் கூடப் போதும், ஓவியக் காலேஜுக்கு அனுப்புறேன். இல்லேன்னா திங்கக்கிழமை என்கூடப் பனியன் கம்பெனிக்குக் கெளம்பு."

இன்னைக்கு ரெண்டாம் நாள்.

"ஐயாதான் வித்திருப்பாரு"ன்னாரு மாஸ்டர். "சொந்தக்காரங்க வெள்ளனே வந்திருப்பாங்க. ஆனா அவருக்கு ஒட்டத் தெரியலை பாரு. குதிரைப் படத்துல கால் மேல ஒட்டியிருக்காரு. இந்தம்மா படத்துல விரல் மேல."

"அவருகிட்டக் கேளுங்க மாஸ்டர்."

"சீஃப் கெஸ்ட்டைக் கூட்டியாரப் போயிட்டாரு. செல்லு அடிச்சுட்டே இருக்குது, எடுக்கமாட்டேங்கறாரு."

அம்மா ஒச்சம்மாள், பனியன் கம்பெனியில நைட் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குக் கூடப் போகாம விடியக்காலையிலயே இங்க வந்திருந்தா. இப்ப தூங்குமூஞ்சி மரத்தடியில முந்தானையை விரிச்சுப் படுத்திருந்தா.

"யம்மா, என் படத்தை ஒருத்தரும் கேக்கலை."

"கேப்பாக. அதுக்கு என்ன கொறைச்சல்?"

"பெத்தவ அப்படித்தான் சொல்லுவ."

"நான் பெத்தவளாச் சொல்லலைடி"ன்னு திரும்பிப் படுத்தவ, அடுத்த நிமிஷம் குறட்டை விட்டா.

மத்தியானம் ஒரு கார் வந்துச்சு. எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர் ஆரோக்கியராஜ், ஜெர்மனியில இருந்து பனியன் ஆர்டர் குடுக்க வந்த பையரைக் கூட்டிட்டு வந்திருந்தாரு. வெள்ளைக்காரர் குதிரையைக் காட்டினாரு.

"வித்துப்போச்சுங்க"ன்னாரு மாஸ்டர்.

விரல் நீட்டி நின்ன பொம்பளையைக் காட்டினாரு. அதுவும் வித்துப்போச்சு. கலரைக் கொட்டி இழுத்துவிட்ட மாடர்ன் ஆர்ட்டைக் காட்டினாரு. அதுவும்தான்.

"என்ன சார், எதைக் கேட்டாலும் இல்லைங்கறீங்க. அப்ப எதுக்குக் கடையை விரிச்சு வச்சிருக்கீங்க?"ன்னாரு ஆரோக்கியராஜ்.

"ஊரு ரசிக்கக் கத்துக்கிச்சுங்க. நாம என்ன பண்ண முடியும்?" மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்லு.

கடைசியில அவங்க ஜோதி படத்துக்கிட்ட வந்தாங்க. ஜோதி ஓடிப்போய் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. நெஞ்சு தையல் மிஷினாட்டம் அடிச்சுது.

வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சாரு. படத்துல விடிகாலையில போற கம்பெனி வேன். உள்ள ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் சாஞ்சு தூங்குற பொம்பளைங்க.

"இவங்கல்லாம் யாருன்னு கேக்கறாரு"ன்னு ஆரோக்கியராஜ் குரல் குடுத்தாரு.

"எங்கம்மாவும் அவங்க ஷிப்ட்டு ஆளுங்களும் சார்." மரத்துக்குப் பின்னாடி இருந்தே சொன்னா. "நைட் முடிஞ்சு வர்றப்ப இப்படித்தான் தூங்குவாங்க."

ஆரோக்கியராஜ் இங்கிலீஷ்ல சொன்னதும், வெள்ளைக்காரர் தான் போட்டிருந்த டீ-ஷர்ட்டை ஒரு தடவை குனிஞ்சு பார்த்துக்கிட்டாரு. அப்புறம் என்னவோ சொன்னாரு.

"இது வேணுமாம். அந்தக் குதிரையே கெடைச்சாக் கூட வேண்டாமாம், இதுதான் வேணுமாம்."

ஜோதி மரத்தை விட்டு வெளிய வந்தா. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா. "மாஸ்டர், ஒட்டுங்க மாஸ்டர், சீக்கிரம் ஒட்டுங்க."

மாஸ்டர் பையில இருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்தாரு. "அட, எங்கிட்ட முழு அட்டையும் அப்படியே இருக்குது. ஐயா தனியா வாங்கியிருப்பாராட்ட"ன்னுட்டே ஒண்ணை உரிச்சுப் படத்து மூலையில ஒட்டுனாரு.

சத்தத்துல முழிச்ச ஒச்சம்மாள், அதைப் பார்த்ததும் அவிழ்ந்த கொண்டையோட ஓடிவந்தா.

"சார், நில்லுங்க. இதுல என்ன டேமேஜ் கண்டீக?"

"டேமேஜா?" மாஸ்டர் முழிச்சாரு.

"பதினோரு வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? பனியன்ல குத்தம் இருக்குற எடத்துலதான சிவப்பு ஒட்டுவோம்? குதிரைக்கு ஒரு காலு கட்டை, அந்தம்மாவுக்கு ஆறு விரலு, அந்தா அதுல சாயமே ஓடிக் கெடக்கு. விடியங்காட்டியும் ஒண்ணு விடாமப் பாத்து இருபத்தேழுலயும் எங்கிட்ட இருந்த கம்பெனி ஸ்டிக்கரை நாந்தான் சார் ஒட்டிவிட்டேன். எம் மக படம் ஒண்ணுதான் பாஸ்."