வெளிர் சாம்பல்

பொத்தான் போன் திரையில் அங்கேதான் இருக்கிறது. அவளுடைய கட்டை விரலுக்கு அரை அங்குலம் கீழே.

அவள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது. சோதனையின்போது செயலியை வடிவமைத்தவன் உதவக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். வேறெந்தச் சட்டத்தையும் அவன் இவ்வளவு மதித்ததில்லை.

எதிரே இருந்தவள் வேதவல்லி. அந்த ஏழாவது மாடியைப் பெருக்கித் துடைப்பவள். செயலியைப் புதிதாகப் பார்க்கிற ஓர் ஆள் வேண்டுமென்று தேடியபோது, துடைப்பமும் கையுமாக அகப்பட்டவள். ஏதோ பரீட்சை என்று நினைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் கூப்பிடும் செயலி. ஒரு தட்டு தட்டினால் போதும். எண் வேண்டாம், முகவரி சொல்ல வேண்டாம், வண்டி வீடு தேடி வந்துவிடும்.

"உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு வச்சுக்கங்க. வண்டியக் கூப்பிடுங்க" என்றிருந்தான்.

வைத்துக்கொள்ள அவள் சிரமப்படவில்லை. போன ஆடியில் அவருக்கு நிஜமாகவே வந்தது.

திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஒரே கோட்டில் வரைந்த இதயம். அடியில் 'அழைக்க' என்று ஒரு சொல், வெளிர் சாம்பல் நிறத்தில், நூல் மாதிரி மெல்லிய எழுத்தில். அதற்குக் கட்டம் கிடையாது, நிழல் கிடையாது. அந்தச் சாம்பலைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. பெரிதாகச் சிவப்பில் வைக்கலாமே என்று மேலாளர் ஷெரின் கேட்டதற்கு, நாம் என்ன தீயணைப்பு வண்டியா செய்கிறோம் என்று திருப்பிக் கேட்டவன் அவன்.

அவள் இதயத்தைத் தொட்டாள்.

இதயம் துடித்தது. ஒரு முறை விரிந்து, ஒரு முறை சுருங்கி, அத்தனை அழகாகத் துடித்தது. அதற்கு மேல் அதற்கு வேலை எதுவும் கிடையாது.

மறுபடி தொட்டாள். மறுபடி துடித்தது.

இரண்டு நிமிடம் ஆயிற்று. அவளுடைய மேலுதட்டில் வியர்வை. குளிரூட்டி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. இதயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்றவனுக்குத்தானே பெருமை.

நான்காவது நிமிடத்தில் அவள் போனை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"அழகாத்தான் கீது சார். அதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு போய்ச் சேர்ந்துட்டாரு."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அவளும் சிரித்தாள்.

எழுந்திருக்கும்போது கேட்டாள், வண்டியைக் கூப்பிடுவது எங்கேதான் இருக்கிறதென்று.

"அடுத்த வாரம் இன்னொரு டெஸ்ட் இருக்குக்கா. இப்பவே சொல்லிட்டா அப்புறம் நீங்க எங்களுக்குப் பிரயோஜனப்பட மாட்டீங்க" என்றான்.

அதுவும் தொழிலின் சட்டம்தான். விடை தெரிந்த ஆள் அடுத்த சோதனைக்கு உதவாத ஆள்.

அவள் தலையாட்டினாள். பிறகு முந்தானையில் துடைத்துத் தன் போனை நீட்டினாள். வீட்டில் நோயாளி இருக்கிறாரே, தனக்கும் ஒன்று போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

அவன் அன்று நல்ல மனநிலையில் இருந்தான். போட்டுக் கொடுத்தான். பெரும்பாக்கம், ஐந்தாவது மாடி என்று முகவரியைக்கூட அவனே நிரப்பினான். இனிமேல் கவலையே வேண்டாம் என்றான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் சோதனை நடக்கவில்லை. தேவைப்படவில்லை.

ஷெரினிடம் அவன் காட்டிய அறிக்கையின் முதல் பக்கத்தில், வெள்ளைப் பின்னணியில், பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'அழகாக இருக்கிறது. - வேதவல்லி, 46, பயனர்.' அவள் சொன்னதில் இரண்டாவது வாக்கியத்துக்கு அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை. இடம் விட்டிருந்தால் வெள்ளை கெட்டுப்போயிருக்கும்.

ஷெரின் சிவப்பைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

செயலி வெளிவந்தது. அவனும் அதை மறந்து வேறொன்றுக்கு நிறம் தேட ஆரம்பித்திருந்தான். தினமும் காலையில் அவன் மேசையைத் துடைக்கும் வேதவல்லி, அடுத்த டெஸ்ட் எப்போது சார் என்று ஓரிரு முறை கேட்டாள். சொல்கிறேன் என்றான்.

ஒரு வியாழக்கிழமைக் காலை ஷெரின் எல்லோரையும் அவன் மேசையைச் சுற்றிக் கூட்டினாள். கையில் மடிக்கணினி, முகமெல்லாம் சிரிப்பு. அந்த வாரத்தில் யார் எதைத் தொட்டார்கள் என்ற கணக்கு வந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம், பெரும்பாக்கத்துல ஒரே ஒரு ஆள். ஒம்போது நிமிஷத்துல அந்த ஹார்ட்ட அறுபத்து மூணு தடவ தொட்டிருக்காங்க! வேற எதையுமே தொடல. அவ்ளோ பிடிச்சிருக்கு!"

ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு என்ன என்று யாரோ கேட்டார்கள்.

அதற்குப் பிறகு செயலி திறக்கப்படவே இல்லை.

கைதட்டல் எழுந்தது. எவனோ அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அவன் தடுமாறி மேசையில் கையை ஊன்றினான்.

விரல்களில் தூசி ஒட்டியது. வெளிர் சாம்பல்.

திங்கட்கிழமையிலிருந்து அந்த மேசையை யாரும் துடைத்திருக்கவில்லை.

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பிறகு அவனும் தட்டினான்.