முதல் கார்டு

தொழில்முனைவோர் கூட்டத்துக்குக் கோதை பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் இருந்த விசிட்டிங் கார்டுகளில் முதல் கார்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"வணக்கம், நான் கோதை, கட்டட வடிவமைப்பாளர்," என்று சொல்லிப் பார்த்தது. நிமிடத்துக்கொரு தரம் உறையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"தூங்க விடுக்கா," என்றது அடுத்த கார்டு.

"போன தடவை யாருக்கும் கொடுக்காமலே திரும்பிட்டாடி. இன்னைக்கு நான் போயே ஆகணும்."

கூட்டத்தில் ஒரு பெண்மணி, "உங்க கார்டு இருக்கா?" என்று கேட்டார். கோதை பதற்றத்தோடு முதல் கார்டை உருவினாள். எட்டி எட்டிப் பார்த்ததில் அதன் முனை மடங்கியிருந்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"அக்கா, நான் என்ன சொல்லணும்?" என்று பதறியது அது.

உறைக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது. "வணக்கம்னு ஆரம்பி."