அவள் கையில் எரியாத டார்ச்

ஊசியின் முனை சிவந்தது.

அதை டார்ச்சின் பிடியில் வைத்து அழுத்தினான். பிளாஸ்டிக் இளகி வழிவிட்டது. கருகிய நாற்றம் அடுப்படியை நிறைத்தது.

சந்தையில் குவித்துப் போட்டு விற்கும் மஞ்சள் டார்ச். குலுக்கினால் உள்ளே எதுவோ ஆடும்.

மூடியைத் திருகிக் கழற்றினான். சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் பித்தளைத் தகட்டைக் கத்தரியால் நறுக்கினான். நறுக்கிய இரண்டு முனைகளிலும் செம்புக் கம்பியை முறுக்கி, ஊசியால் போட்ட துளைகள் வழியே வெளியே இழுத்தான்.

பிறகு அந்தக் கம்பிகளைப் பிடியைச் சுற்றி அருகருகே ஓட்டினான். ஒன்றையொன்று தொடாமல். நடுவே ஓர் அரிசி படுத்திருக்கும் அளவு இடைவெளி. பார்க்கிறவர்களுக்கு அழகுக்குச் சுற்றியதுபோலத்தான் தெரியும்.

மூடியைத் திருகி மாட்டிச் சுவிட்சைத் தள்ளினான். எரியவில்லை.

பிடியை இறுக்கினான். அவன் விரலில் கிடந்த செம்பு மோதிரம் இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தொட்டது.

எரிந்தது.

மோதிரம் போட்ட எந்தக் கையிலும் எரியும்.

அவள் கையில் எரியாது.

அவன் மனைவி மோதிரம் போடுவதில்லை. பச்சைப் பிள்ளையின் உதட்டில் கீறிவிடும் என்று என்றைக்கோ கழற்றி வைத்துவிட்டாள். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அதன் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். சேனை வைப்பது என்பார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் நீலம் பாரித்துக் கிடந்த ஒரு பிள்ளை அவள் விரல் பட்ட பிறகுதான் வீறிட்டு அழுததாம். அன்றிலிருந்து அது ராசியான கை.

அந்தப் பேரைத் தவிர அவளுக்கென்று எதுவும் இல்லை.

அது அவனுக்குத் தெரியும்.

அவன் வயரிங் வேலை பார்க்கிறவன். சுவரைக் கொத்துவான். பைப் பதிப்பான். வயர் இழுப்பான். கண்ணெல்லாம் சிமெண்டுத் தூசியோடு எல்லாவற்றையும் மாட்டி முடித்து சுவிட்சில் கை வைக்கப் போகும்போது வீட்டுக்காரர் சிரிப்பார்.

"நீ தள்ளுடே. சுவிச்சப் போட ஒம் பொண்டாட்டி வரட்டும். கைராசிக்காரில்லா!"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். கூச்சத்தோடு ஒரு விரலால் அழுத்துவாள். விளக்கு எரியும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

அவனும் தட்டுவான்.

டார்ச்சின் மூடியை மறுபடி இறுக்கினான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையை அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அங்கே சேனை வைக்க நர்ஸ் விடவில்லை. அவன் மனைவி முன்னாலேயே போய்விட்டாள்.

வாசலில் மீட்டர் பெட்டி. பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

வெளியே பட்டப்பகல். அறைக்குள், பிள்ளைக்குக் காற்றுப் படாமல் ஜன்னலை மூடிக் கட்டிய கம்பளியின் இருட்டு.

"நேரம் பாத்துல்லா கரண்டு போகுது," என்றாள் பிள்ளையின் அத்தை இசக்கியம்மாள்.

"டார்ச் கொண்டாந்திருக்கேன்."

மனைவியிடம் நீட்டினான்.

அவள் சுவிட்சைத் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள். உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள்.

அவன் வாங்கினான். எரிந்தது. துணிக்குள் சின்னதாக ஒரு முகம் சுளித்தது.

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அணைந்தது.

இசக்கியம்மாள் வாங்கிப் பார்த்தாள். அவள் விரலில் சிவப்புக் கல் மோதிரம். எரிந்தது. பாயில் படுத்திருந்த தாய் கை நீட்டினாள். அவள் விரலில் கல்யாண மோதிரம். அவளுக்கும் எரிந்தது.

அதை வாங்கி மனைவியின் கையில் மெதுவாக வைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

"பதறாமப் பிடி."

இருட்டு.

தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மைனி." இசக்கியம்மாளின் குரல் தணிந்திருந்தது. "தப்பா நெனச்சிராதீய. செத்த வெளிய நில்லுங்க."

தரையில் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கப்பட்டது. அதன் பக்கத்தில் டார்ச். அவன் மனைவி சுவரைத் தொடாமல் நடந்து போனாள்.

அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினான்.

இசக்கியம்மாள் டார்ச்சை எடுத்தாள். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அப்படியே நின்றது.

"ஒங்க கையிலதான் மொதல்ல எரிஞ்சுது. நீங்களே வையுங்க அண்ணாச்சி. வைக்கிறவுக குணந்தான பிள்ளைக்கும் வரும்."

இதை அவன் யோசித்திருக்கவில்லை.

"எனக்கா?" என்றான். அவன் குரல் அவனுக்கே சின்னப் பையனுடையதுபோலக் கேட்டது. இதுவரை அவனிடம் யாரும் எதையும் முதலில் தொடச் சொன்னதில்லை.

விரலை நனைத்தான்.

கதவோரம் அவள் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள், யார் மேலும் பட்டுவிடாமல்.

"நல்லா வைங்க," என்றாள். "ஒங்க கை நல்ல கை."

பிள்ளை அவன் விரலைச் சப்பியது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தது.

விரலை எடுத்தான்.

அது இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது.