மருதமரத்துப் பலகை

ஆற்றங்கரையில் நின்ற மருதமரத்தில், பொந்துக்கு நேராக ஒரு பெயர்ப்பலகையை அறைந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. உங்க முதுகுக்குப் பின்னாலதான் என் வீடு. இன்னிக்கோ நாளைக்கோ முட்டையிடணும்," என்றது மைனா.

பலகை தன் மேல் எழுதியிருந்ததைப் படித்தது. "நீர்மருது. வளருமிடம், ஆற்றங்கரை. வெளிறிய வழவழப்பான பட்டை, மருந்துக்கு ஆகும். கட்டை, கலப்பைக்கு ஆகும். அவ்வளவுதாம்மா. மைனாவுக்கு ஆகும்னு எங்கேயும் போடலையே."

"எழுதினவங்க என்னைக் கேக்கவே இல்லையே, அண்ணே!"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

மைனா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கிளையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. அதுவரை வாய் திறக்காத மரம் பலகையிடம் மெல்லச் சொன்னது: "அவ பொறந்ததே அந்தப் பொந்துலதான்."

பலகை தன் எழுத்துகளை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை படித்துப் பார்த்தது. அந்தச் செய்தி அதில் இல்லை.

சாயங்காலம் ஆற்றுக்காற்று வந்தது. பலகையின் இடது ஆணி முன்பே தளர்ந்திருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் பலகை அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு விட்டுவிட்டது. வலது ஆணியில் தொங்கி ஒருபக்கமாகச் சரிய, பொந்து திறந்துகொண்டது.

இப்போது மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. யாராவது சத்தமாகப் படித்தால் பலகை விடுவதில்லை.

"மெதுவா, மெதுவா. உள்ளே குஞ்சுங்க தூங்குது."