தம்பிராஜா வந்துட்டான்

"தம்பிராஜா!" என்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டார், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் நல்லையா.

"வந்தேங்க" என்று பதில் சொன்னதும் மண்டோர் நல்லையாதான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, குரலை மாற்றி. நேற்றுக் கட்டைக்குரல், இன்றைக்குச் சளி பிடித்த குரல். சொல்லிவிட்டு, வந்தாச்சு என்று வருகை ஏட்டில் ஒரு கோடும் கிழித்துக்கொண்டார்.

துடைப்பத்தோடு வரிசையில் நின்ற பொன்னுதுரைக்கு வயிறு எரிந்தது. காஜா பெராங் வட்டாரத்தில் தெருக் கூட்டுகிற வேலைக்கு அவன் புதுசு. தம்பிராஜா கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஆள் தினமும் வந்துகொண்டே இருந்தான்.

இல்லாத ஆள் பெயரில் சம்பளம் போட்டு மீசைக்கார மண்டோர் முழுங்குகிறார். வேறென்ன?

"என்னக்கா இது அநியாயம்?" என்றான், பக்கத்தில் நின்ற அஞ்சலையிடம். "மண்டோர் தானே கூப்பிடுறாரு, தானே வராரு!"

"அவருக்குக் காலிருக்கு, வராரு. நீ போய் உன் தெருவைக் கூட்டு."

"என் தெருவா? அது முடியவே மாட்டேங்குது. மெர்டேக்கா, சுதந்திரம்னு கொண்டாடுன பயலுங்க பூராவும் காகிதக் கொடிய என் தெருவுலதான் கொட்டியிருக்கானுங்க!"

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் சேதுராமன் வீட்டு வாசலில் போய் நின்றான். மண்டோருக்கு மேலே அவர்தான். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள். யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை போல. பொன்னுதுரைக்கு அதுவா முக்கியம்?

"ஐயா! நாடு சுதந்திரம் வாங்கி ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள பேய்க்கெல்லாம் சம்பளம் போவுது!"

இன்ஸ்பெக்டருக்குப் புரையேறியது. "எந்தப் பேய்க்கு?"

"தம்பிராஜாங்கிற பேய்க்கு!"

டம்ளரைக் கீழே வைத்தார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்லீங்க. போற வழியில பாசார்ல சொல்லலாம்னு..."

"சொல்லாத. நேரா வீட்டுக்குப் போ. நாளைக்குப் பெரட்டுக்கு நானே வந்து பேர் கூப்பிடுறேன்."

பொன்னுதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்கிற மாதிரி ஒரு நடை.

மறுநாள் காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது இன்ஸ்பெக்டரின் சைக்கிள் வந்து நின்றது. மண்டோரின் மீசை அப்படியே தொங்கிப்போனது.

"எந்தக் கடன்காரன்டா இந்த மனுஷனை வரச் சொன்னது?" என்று முணுமுணுத்தாள் அஞ்சலை.

"நான்தான்!" என்றான் பொன்னுதுரை, பெருமையாக.

துடைப்பக் கட்டையால் அவன் முழங்காலில் லொட்டென்று ஒன்று வைத்தாள்.

"அடப்பாவி! தம்பிராஜா பொஞ்சாதி ருக்மணிக்கு வயித்துல கட்டிடா. ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில கிடக்குது. பொழைக்குமான்னு டாக்டருக்கே தெரியல. அந்த மனுஷன் கையால ஊட்டுனாத்தான் ரெண்டு வாய் இறங்குது."

"அப்ப லீவு போட வேண்டியதுதானே?"

"கட்டி அவன் வயித்துல வந்திருந்தா சம்பளத்தோட லீவு. பொஞ்சாதி வயித்துல வந்தா சம்பளம் கிடையாது. சேர்ந்தாப்புல வராம இருந்தா வேலையும் கிடையாது. புள்ளைங்க மண்ணையா திங்கும்? அதான் அவனுக்குப் பதிலா மண்டோர் வராரு. சம்பளம் அப்படியே அவன் கைக்குத்தான் போவுது. அவன் தெருவை நாம ஆளுக்குக் கொஞ்சம் கூட்டுறோம். உன் தெரு ஏன் முடியலேன்னு நினைச்ச?"

"நானுமா கூட்டுறேன்? எனக்கு யாரும் சொல்லலியே!"

"உன்கிட்ட சொல்றதும் பாசார்ல தண்டோரா போடுறதும் ஒண்ணுதானேடா!"

அதற்குள் இன்ஸ்பெக்டர் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொருவராக "வந்தேங்க" என்றார்கள்.

"தம்பிராஜா!"

மண்டோர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கட்டைக்குரலும் வரவில்லை, சளிக்குரலும் வரவில்லை. அஞ்சலை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வந்தேங்க!"

சொன்னது பொன்னுதுரை. அவன் யோசிப்பதற்குள் அவன் வாய் சொல்லிவிட்டது. அந்த வாய்க்கு எப்போதும் அவசரம்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். நேற்று வாசலில் நின்ற அதே முகம்.

"நீதான் தம்பிராஜாவா?"

"ஆமாங்கய்யா. பொறந்ததுலேர்ந்து."

அவர் கோடு கிழித்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"பொன்னுதுரை!"

பழக்கதோஷத்தில் பாதி வாய் திறந்துவிட்டான். அஞ்சலையின் துடைப்பக் கட்டை மறுபடி முழங்காலைத் தேடிவர, டப்பென்று மூடிக்கொண்டான்.

"பொன்னுதுரை வரலியா?"

இப்போது மண்டோருக்குக் குரல் வந்துவிட்டது. "வரலீங்கய்யா. நோவு."

"என்ன நோவு?"

"வாயிலங்கய்யா. ரொம்ப முத்திப்போச்சு."

"சொந்த நோவா, பொஞ்சாதி நோவா?"

"சத்தியமா சொந்த நோவுங்கய்யா. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"அப்பச் சரி. சட்டத்துல இடமிருக்கு. சம்பளத்தோட லீவு." பேனாவை மூடினார். "தம்பிராஜா! இன்னைக்குப் பொன்னுதுரை தெருவையும் சேர்த்து நீயே கூட்டிடு."

"சரிங்கய்யா" என்றான் பொன்னுதுரை.

சைக்கிளில் ஏறி மிதிக்கப்போனவர், ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா தம்பிராஜா, நேத்து எங்க வீட்டுக் கஞ்சி ருக்மணிக்கு இறங்குச்சா?"