நாத்தனார் முடிச்சு

"வூட்டு மேலயே சுத்திகினு கீது, இறங்க மாட்டேங்குதே!"

விமான ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு புலம்பினார் கோதண்டம். கீழே, சென்னையை ஒட்டிய அவர் ஊரான ஒரகடம் முழுக்கத் தை மாதப் பனி. ஃபேக்டரிகளின் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் தலை நீட்டின.

புனேயில் கம்பெனி ட்ரெயினிங் முடிந்து திரும்புகிறார். நல்ல முகூர்த்த நாள், எல்லா மண்டபத்திலும் கல்யாணம். வாலாஜாபாத்தில் அவர் அக்கா மகளுக்கும்தான். தாய்மாமன் இவர் மாலை போட்டால்தான் பெண் மணமேடைக்கு வருவாள்.

ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் கேட்டது.

"கேப்டன் அறிவுமதி பேசுகிறேன். சென்னையில் பனி விலகவில்லை. திருப்பதி பக்கம்தான், ஆனால் அங்கும் பனி இறங்குகிறது. போய் இறங்க முடியாவிட்டால், வேறு ஊருக்குப் போக எரிபொருள் போதாது. பெங்களூரில் வானம் தெளிவாக இருக்கிறது. அங்கே போகிறோம். மன்னிக்கவும்."

கோதண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெங்களூரா? திருப்பதில இறக்கினா கார் புடிச்சி தாலி கட்றதுக்குள்ள போயிடலாமே! ஒரு ட்ரை பண்ணக் கூடாதா?"

"இத்தன உசிர வச்சிக்கிட்டா ட்ரை பண்ணுவாவ?" என்றார் பக்கத்து சீட் நயினார். ஃபேக்டரியில் அவரோடு ஒரே லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர்.

"நீ சும்மா இருப்பா. இந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும் நம்ம அவசரம்?"

பெங்களூரில் விமானம் இறங்கியதே தெரியவில்லை. கோதண்டத்துக்கு அதெல்லாம் மனசில் ஏறினால்தானே! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

காக்பிட் வாசலில், முதுகைக் காட்டி நின்றபடி கேப்டன் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா. நம்ம வூட்டு மேலதான் சுத்திகினு இருந்தேன், பனிதான் தெரிஞ்சுது... ஆமா, திருப்பதின்னா தாலி கட்றதுக்குள்ள வந்திருப்பேன். தெரியும்மா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்காக முகூர்த்தத்தத் தள்ளாதீங்க. தம்பிய தாலி கட்டச் சொல்லு. நாத்தனார் முடிச்சு... சித்தி பொண்ணு போடட்டும்."

கோதண்டம் அப்படியே மலைத்து நின்றுவிட்டார். எத்தனை பெரிய மனசு இது!

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிய கேப்டன், அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"சொல்லுங்க சார், ஏதாவது அவசரமா?"

தன்னையறியாமல் கைகூப்பினார் கோதண்டம்.

"எனக்கு இன்னாம்மா அவசரம்!"